முதலில் நீரைப் பாருங்கள்: கோடியக்கரைச் சேற்றுவெளியில் கரைப்பறவை காணத் தொடங்குவோருக்கு

கோடியக்கரைக்கு முதன்முறையாகப் பறவை காண வருகிறவர்களில் பலர் காலை பத்து மணிக்கு மேல்தான் வந்து சேர்கிறார்கள். சாலையோரம் வண்டியை நிறுத்தி, கானல் நடுங்கும் வெளியைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பூநாரை தெரிந்தால் மகிழ்ந்து, தெரியாவிட்டால் 'இந்த வருடம் பறவையே இல்லை' என்று சொல்லித் திரும்பிப் போகிறார்கள். அதே இடத்தில் அன்று விடியற்காலை ஆறரை மணிக்கு நின்றிருந்தால், கண்ணுக்கு வெறும் மண்ணாகத் தெரிந்த அந்தப் பரப்பு முழுவதும் சின்னஞ்சிறு பறவைகளாக ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்க முடியும். பறவை இல்லாமல் போகவில்லை. நீர் நகர்ந்தது, அதனோடு பறவையும் நகர்ந்தது.

உள்ளான், உப்புக்கொத்தி, கோட்டான் (ஆந்தையைக் குறிக்கும் கோட்டான் அல்ல), மூக்கன் என்று நாம் அழைக்கும் கரைப்பறவைகளைக் காண்பதற்கும் தோட்டத்தில் குயிலையோ மாங்குயிலையோ தேடுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. தோட்டத்தில் மரம் அசையாமல் நிற்கிறது. சேற்றுவெளியில் இரை கிடைக்கும் இடமே மணிக்கு மணி இடம்பெயர்கிறது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் நீரையும், அடுத்துச் சேற்றையும், அதற்குப் பிறகே பறவையையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

எங்கே நிற்பது

சோழமண்டலக் கடற்கரை தெற்கு நோக்கி ஓடிவந்து, நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடைக்கோடியில் செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. அந்த முனைதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை ஏறத்தாழ 48 கி.மீ. நீளத்துக்குப் பரந்திருக்கும் வேதாரண்யம் பெருஞ்சதுப்பு. சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டது. சதுப்பையும் அலையாத்தியையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2002-இல் இடம்பெற்றது. அதன்பின் இருபது ஆண்டுகள் தமிழகத்தின் ஒரே ராம்சார் தலமாக இது மட்டுமே இருந்தது.

வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி வழியாகக் கோடியக்கரை செல்லும் சாலையில் பேருந்து உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023-இல் மீண்டும் ரயிலும் ஓடத் தொடங்கியது. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் உப்பெடுத்த மண் இதுதான். இன்றும் உப்பளங்களின் பாத்திகளும் வரப்புகளும் இங்கே நீண்டு கிடக்கின்றன, அவற்றுக்கு அப்பால் சதுப்பு தொடங்குகிறது. சாலை கிழக்கிலும் சதுப்பு மேற்கிலும் இருப்பது பறவை காண்போருக்குப் பெரிய வசதி, ஏனென்றால் காலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் நின்று, பறவையின் மேல் நேராக ஒளி விழும்படி செய்கிறது. மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவைகளும் கரிக்கோடுகளாகத்தான் தெரியும். சரணாலயத்துக்குள்ளும் சதுப்புக்குள்ளும் செல்ல வனத்துறையின் அனுமதியும், உப்பள வரப்புகளில் நடக்க அளத்துக்காரர்களின் அனுமதியும் தேவை. முதல் சில நாட்களுக்குச் சாலையோரமே போதும்.

நீரைப் படிப்பது

கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. இதையே ஓதம் என்கிறோம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும், அட்டமியை ஒட்டி இரண்டும் அடங்கியிருக்கும். எனவே வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் திதியைப் பார்த்தாலே, போக நினைக்கும் நாளில் நீர் எவ்வளவு விலகும் என்பதற்கு ஒரு முதல் மதிப்பீடு கிடைத்துவிடும். ஓதம் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகிறது. இரண்டு நாழிகை என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்கு எளிது. இன்று காலை ஆறு மணிக்கு நீர் முழுதும் வற்றியிருந்தால், மூன்று நாள் கழித்து அதே வற்றத்தைக் காண எட்டரை மணிக்கு வரவேண்டும். துல்லியமான நேரத்துக்கு இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பும் இருக்கின்றன.

ஆனால் பொதுவான பறவை வழிகாட்டிகளை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நீர் பத்து மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அங்கே ஓத அட்டவணையே பறவை காண்போரின் கடிகாரம். பாக் நீரிணையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையேயான வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. அப்படியானால் இங்கே ஓதத்துக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். விடை நிலத்தின் சாய்வில் இருக்கிறது. இந்தச் சதுப்பு ஏறத்தாழத் தட்டையானது. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சாய்வு என்று வைத்துக் கணக்கிட்டாலும், நீர் ஒரு சாண் உயர்ந்தால் கரை இருநூறு மீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிடுகிறது. சாய்வு இன்னும் குறைவாக உள்ள இடங்களில், கண்ணுக்கு எட்டும் பரப்பு முழுவதும் நாலு விரற்கடை நீரில் மூழ்கவும் வெளிப்படவும் கூடும்.

இவ்வளவு தட்டையான இடத்தில் காற்றும் ஓதத்தைப் போலவே வேலை செய்கிறது. ஒரே திசையில் சில மணி நேரம் பலமாக வீசும் காற்று, ஆழமற்ற நீரை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மறுபக்கத்தைச் சேறாக விட்டுவிடும். அட்டவணை வற்றம் என்று சொல்லும் நேரத்தில் சாலையோரம் நீர் தளும்பி நிற்பதையும், ஏற்றம் என்று சொல்லும் நேரத்தில் சேறு காய்ந்து கிடப்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே போன உடனே தொலைநோக்கியை எடுக்காமல், காற்று எங்கிருந்து எங்கே வீசுகிறது என்று பார்த்து, அது நீரை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகத்தைக் குறிப்பேட்டின் முதல் வரியாக எழுதுங்கள். அடுத்து, நீரின் விளிம்பில் ஒரு குச்சியையோ கல்லையோ அடையாளமாக வைத்துக்கொண்டு கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள். நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

இவற்றுக்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஓதம் ஒன்றும் இங்கே உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையும் காவிரிக் கிளையாறுகள் கொண்டுவரும் நன்னீரும் சதுப்பை நிரப்புகின்றன. மார்கழிக்குப் பின் மழை நின்றதும் நீர் மெல்ல மெல்லப் பின்வாங்கி, தை, மாசி மாதங்களில் வாரந்தோறும் ஒரு புதிய பட்டை ஈரச்சேற்றைத் திறந்துவிடுகிறது. கோடையில் அதே நிலம் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும். மழை மிகுந்து நீர் ஆழமாக நிற்கும் நாட்களில் வாத்துகளுக்குக் கொண்டாட்டம், ஆனால் குட்டைக்கால் உள்ளான்களுக்கு நிற்கவே இடமிருக்காது. அதனால் கரைப்பறவைக்கென்றே வருகிறவர் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சேற்றைப் படிப்பது

சேறு என்றால் நம் பேச்சில் அழுக்கு என்று பொருள்படுகிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் மொழிப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நடக்க அனுமதியுள்ள ஓர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஈரச்சேற்றை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மேற்பரப்பில் பழுப்பும் பொன்னிறமும் கலந்த மெல்லிய வழவழப்பு இருக்கும். அது டயட்டம் எனப்படும் நுண்பாசிகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்து நெய்த படலம். மரமில்லாத இந்த வெளியில் வெயிலைப் பிடித்து உணவாக்கும் வேலையைச் செய்வது அதுதான். சிறிய உள்ளான் இனங்கள் சில, நாக்கின் நுண்மயிர்களால் இந்தப் படலத்தையே வழித்து உண்கின்றன.

அதற்குக் கீழே சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே சேறு கறுத்துவிடும், அழுகிய முட்டையின் வாடையும் வரும். அங்கே ஆக்சிஜன் இல்லை. கடல்நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி வாழும் பாக்டீரியாக்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் வாடை அது. நாற்றம் என்று முகம் சுளிக்கிறோம், ஆனால் ஆறும் கடலும் கொண்டுவந்து போட்ட கழிவெல்லாம் மட்கி மீண்டும் உணவுச் சுழற்சிக்குள் திரும்பும் வேலை அங்கேதான் நடக்கிறது. அந்தக் கறுப்பு அடுக்குக்குள் வாழும் உயிர்கள் மேலேயிருந்து நீரையும் காற்றையும் இழுத்துக்கொள்ள வளை தோண்டி வைத்திருக்கின்றன. சேற்றின் மேல் ஊசி குத்தியதுபோல் தெரியும் துளைகள் புழுக்களுடையவை, சிறு மண் உருண்டைகள் சூழ்ந்த துளைகள் நண்டுகளுடையவை. இவற்றோடு மட்டிகள், கூர்நத்தைகள், இறால் போன்ற நுண்ணிய ஓட்டுடலிகள், நீர் உவர்ப்புக் குறைந்த இடங்களில் கடிக்காத கொசுவினங்களின் சிவந்த புழுக்கள் ஆகியவையும் சேர்ந்தால் பறவையின் பந்தி நிறைந்துவிடும்.

ஈரம் இருக்கும்வரை இந்த உயிர்கள் மேற்பரப்புக்கு அருகில் இருக்கும். சேறு காயக் காய ஆழத்துக்கு இறங்கிவிடும். நீர் இப்போதுதான் விலகிய விளிம்பில் பறவைகள் கூட்டமாக நிற்பதும், சற்று முன் விலகிய இடத்தில் நீள அலகுடையவை மட்டும் மிஞ்சுவதும் இதனால்தான். இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால், எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைப் பார்ப்பதற்கு முன்பே பாதி சொல்லிவிடலாம்.

பறவையை அணுகும் முறை

பெயர்களைப் பற்றி முதலில் ஒரு சொல். கரைப்பறவைகளின் தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. பவளக்காலி என்று ஒருவர் ரெட்ஷாங்கைச் சொல்வார், பவளக்கால் உள்ளான் என்று இன்னொருவர் நெடுங்காலுடைய ஸ்டில்ட்டைச் சொல்வார். எனவே தமிழ்ப் பெயரோடு உலக வழக்கிலுள்ள பெயரையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். நானும் இங்கே அப்படியே தருகிறேன்.

நூறு பழுப்புப் பறவைகள் ஒன்றாக நிற்கும்போது நிறத்தைப் பார்த்துப் பெயர் தேடத் தொடங்குவது வீண். முதலில் அது இரையைத் தேடும் விதத்தைப் பாருங்கள். உப்புக்கொத்திகள் கண்ணால் வேட்டையாடுபவை. பெரிய கண், குட்டை அலகு. நாலடி ஓடும், சிலைபோல் நிற்கும், சட்டென்று குனிந்து ஒன்றைக் கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான்கள் தொட்டுணர்ந்து தேடுபவை. தலை நிமிராமல் சேற்றைக் குத்திக்கொண்டே முன்னேறும். அவற்றின் அலகு நுனியில் நரம்பு முனைகள் செறிந்திருக்கின்றன. அலகு முழுவதும் சேற்றுக்குள் இருக்கும்போதே நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்றும் ஆற்றலும் பல இனங்களுக்கு உண்டு. 'ஓடி நிற்பது' ஒரு வகை, 'குத்திக்கொண்டே நடப்பது' இன்னொரு வகை என்று கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டால், பெயர் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும். அதன்பின் அலகின் நீளத்தைத் தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள், காலின் நிறத்தைப் பாருங்கள், கடைசியாகப் பறக்கும்போது இறக்கையிலும் முதுகிலும் தெரியும் வெண்மையைப் பாருங்கள். இறகின் நுணுக்கமெல்லாம் இரண்டாம் ஆண்டுக்கு.

தொடக்கத்தில் ஏழெட்டுப் பறவைகளை மட்டும் ஐயமறக் கற்றுக்கொள்வது, நாற்பது பெயர்களை அரைகுறையாக மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும். சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான், அதாவது லிட்டில் ஸ்டின்ட், கருங்கால்களோடு நீர் விளிம்பில் இடைவிடாமல் கொத்திக்கொண்டிருக்கும். முப்பது கிராம்கூட இல்லாத அது வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற டன்ட்ரா நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்திருக்கிறது என்பதை முதல் தடவை கேட்டபோது நான் நம்பவில்லை. அதனோடு கலந்து, சற்றுப் பெரிதாக, நுனி கீழ்நோக்கி வளைந்த அலகோடு நிற்பது கர்லூ சாண்ட்பைப்பர். சைபீரிய ஆர்க்டிக்கிலிருந்து வரும் இந்த வளைமூக்கு உள்ளான் வயிறு நனையும் அளவு நீரில் நின்று, தையல் இயந்திரத்தின் ஊசிபோல மேலும் கீழுமாகக் குத்தும்.

பவளக்காலி என்னும் ரெட்ஷாங்கைச் செஞ்சிவப்புக் கால்களாலும், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் தெரியும் அகன்ற வெள்ளைப் பட்டையாலும் அறியலாம். வயலில் ஆள்காட்டிக் குருவி செய்யும் வேலையைச் சதுப்பில் இது செய்கிறது. ஆளைக் கண்டு முதலில் கத்துவது பெரும்பாலும் இதுதான். அதைவிடப் பெரிதாக, மெல்ல மேல்நோக்கி வளைந்த அலகோடு, இறக்கையில் பட்டையே இல்லாமல் முதுகில் மட்டும் வெள்ளை ஆப்பு தெரிந்தால் அது பச்சைக்காலி என்னும் கிரீன்ஷாங்க். கருவால் மூக்கன் என்னும் பிளாக்-டெயில்டு காட்விட் நேரான நீண்ட அலகோடு நிற்கும், எழும்பினால் கறுப்பு வாலும் வெள்ளை இறக்கைப்பட்டையும் ஒருசேரத் தெரியும். சாம்பல் உப்புக்கொத்தி என்னும் கிரே ப்ளோவர் பறக்கும்போது அதன் அக்குள் மை தடவியதுபோல் கறுத்திருக்கும். பொன்னிற உப்புக்கொத்திக்கு அந்தக் கறுப்பு இல்லை. மணல்நிற முதுகுடைய சிறிய உப்புக்கொத்திகளில் மணல் உப்புக்கொத்திகள் என்னும் சாண்ட் ப்ளோவர்கள் அனுபவசாலிகளையே திணறடிப்பவை. அவற்றில் சின்ன இனத்தை அறிஞர்கள் அண்மையில் இரண்டாகவே பிரித்துவிட்டார்கள். ஆகவே 'மணல் உப்புக்கொத்தி, இனம் தெரியவில்லை' என்று எழுதுவதற்குத் தயங்க வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று குறிக்கும் பட்டியலைத்தான் பிற்பாடு நம்ப முடியும்.

குதிரைமலைக் கோட்டான் என்னும் கர்லூவுக்கு மட்டும் ஒரு முழுக் காலையை ஒதுக்கலாம். பதினைந்து சென்டிமீட்டரைத் தொடும் அதன் வளைந்த அலகு, நண்டு வளையின் வளைவுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஒருநாள் சாலையிலிருந்து அறுபது மீட்டர் தொலைவில் ஒரு கோட்டான் அலகைக் கண்வரை சேற்றில் செருகி, தலையைச் சாய்த்து, உள்ளே எதையோ தேடித் துழாவிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக இழுத்தது. வெளியே வந்தது கட்டைவிரல் அளவு நண்டு. அதை ஒரு காலில் பிடித்து உதறியது, கால் கழன்று உடல் கீழே விழுந்தது. மறுபடி எடுத்து மறு காலில் பிடித்து உதறியது. கொடுக்கும் கால்களும் ஒவ்வொன்றாகப் போன பின், வெறும் உடலை அருகிலிருந்த நீரில் அலசி, அலகின் நுனியிலிருந்து தொண்டைக்கு ஒரே எத்தலில் அனுப்பியது. பிறகு உதிர்ந்து கிடந்த கால்களையும் பொறுக்கித் தின்றது. அதைச் சுற்றி ஒரு பவளக்காலி வட்டமடித்துக்கொண்டே இருந்தும் ஒன்றும் மிஞ்சவில்லை. இனப்பெயர் எழுதி அடுத்த பறவைக்குத் தாவியிருந்தால் இதை நான் பார்த்திருக்க மாட்டேன்.

கருவிகள்

8×42 அளவுள்ள இருகண் நோக்கி போதும். முக்காலியில் நிற்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி சேற்றுவெளியில் பெரிதும் உதவும், ஆனால் விலை அதிகம் என்பதால் முதல் ஆண்டில் வைத்திருப்பவரோடு சேர்ந்து செல்வதே நல்லது. தொப்பி, குடிநீர், பென்சில், குறிப்பேடு. பத்து மணிக்கு மேல் கானல் எழும்பி எந்தக் கண்ணாடியையும் பயனற்றதாக்கிவிடும். சேற்றுக்குள் இறங்க எந்தச் செருப்பும் உதவாது. பார்வைக்கு இறுகித் தெரியும் சேறு முழங்கால் வரை இழுத்துவிடும், உள்ளே கிடக்கும் ஓடுகள் காலைக் கிழித்துவிடும் என்பதால் இறங்கவே வேண்டாம்.

நெருங்காமல் இருப்பது

நீர் ஏறிச் சேறு மூழ்கியதும் கரைப்பறவைகள் உயரமான மணல்திட்டிலோ உப்பள வரப்பிலோ நெருக்கமாகக் கூடி, ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகிறகுக்குள் செருகி ஓய்வெடுக்கும். புதியவருக்கு இதுதான் பெரிய ஆசைகாட்டும் காட்சி, ஏனென்றால் ஆயிரம் பறவைகள் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கின்றன. என் முதல் ஆண்டில் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தைப் படமெடுக்க வரப்பின் மேல் நடந்து போனேன். எழுபது மீட்டரில் முதல் பவளக்காலி கத்தியது. அடுத்த நொடி முழுக் கூட்டமும் எழும்பி, வட்டமடித்து, அதே வரப்பில் இறங்கியது. நான் மீண்டும் பத்தடி வைத்தேன், மீண்டும் எழும்பியது. மூன்றாவது முறை அவை திரும்பி வரவேயில்லை. பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வாருபலகையை ஊன்றி நின்று, "அதுங்க செத்த ஒக்காரட்டும் தம்பி. தண்ணி எறங்குனா தானா ஒங்ககிட்ட வரும்" என்றார். அன்று வெட்கமாக இருந்தது. அவர் சொன்னதைவிடச் சுருக்கமாகவும் சரியாகவும் இந்தக் கலையை எனக்கு வேறு யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஓய்வு அவற்றுக்கு எவ்வளவு தேவை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பறவைகள் வசந்தத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வடக்கே திரும்ப, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உடலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. நீர் விலகியிருக்கும் சில மணி நேரமே சாப்பாட்டு வேளை. மீதி நேரத்தில் அசையாமல் இருந்து தின்றதைச் சேமிக்கின்றன. வீணாக எழுப்பும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆகவே ஓய்வுக் கூட்டத்தை நூறு மீட்டருக்குக் குறையாத தொலைவிலிருந்து பாருங்கள், ஒரு பறவை தலை நிமிர்த்தினாலும் அங்கேயே நின்றுவிடுங்கள், பல பறவைகள் ஒன்றாகத் தலை நிமிர்த்தினால் பின்வாங்குங்கள். நாயை அழைத்து வருவதும், டிரோன் பறக்கவிடுவதும், கூட்டம் எழும்பும் படத்துக்காகக் கைதட்டுவதும் கூடவே கூடாது. மாறாக, நீர் இறங்கத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, சேறு வெளிப்படப்போகும் இடத்துக்கு எதிரே வண்டியின் நிழலில் அமைதியாக உட்கார்ந்தால், பறவைகள் தாமாகவே இருபது, முப்பது மீட்டர் வரை வருவதைக் காணலாம். உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அவை அஞ்சுவது குறைவு.

எண்ணுவதும் எழுதுவதும்

கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் இடமிருந்து வலமாக அடுக்கிச் செல்லுங்கள். பெரிய கூட்டத்துக்கு நூறாக அடுக்கலாம். ஒருமுறை இடமிருந்து வலமாகவும் மறுமுறை வலமிருந்து இடமாகவும் எண்ணி இரண்டையும் எழுதுங்கள். அதன்பின் தேதி, நேரம், இடம், திதி, காற்றின் திசை, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா, சேறு எவ்வளவு வெளிப்பட்டிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தக் கடைசி விவரங்கள் இல்லாமல் 'பவளக்காலி 40' என்று மட்டும் எழுதிய பட்டியலை, சென்ற ஆண்டு 400 இருந்த பட்டியலோடு ஒப்பிட வழியில்லை. பறவை குறைந்ததா, நீர்தான் ஏறியிருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

பறவையின் காலில் வண்ணப் பட்டையோ சிறு கொடியோ இருந்தால் எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்று உடனே குறித்து, முடிந்தால் படமெடுங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வந்திருக்கிறார்கள். பறவைகள் வலசை போகும் மத்திய ஆசியப் பாதையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பங்கு இந்த உவர்மண்ணில் கிடைத்தது. பட்டியலை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதியலாம். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் சேர்ந்தால், தேர்ந்தவர்கள் பக்கத்தில் நின்று கற்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

இந்தப் பதிவுகளுக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. உயிரினங்களின் அழிவு அபாயத்தை வகைப்படுத்தும் உலகச் செம்பட்டியல் 2024-இல் புதுப்பிக்கப்பட்டபோது, அதுவரை பெரிய அச்சமில்லாதது என்று கருதப்பட்ட சாம்பல் உப்புக்கொத்தியை அழிவாய்ப்புள்ள இனமாக உயர்த்தியது, வளைமூக்கு உள்ளானையும் அதே நிலையில் சேர்த்தது. கல்லைப் புரட்டி இரை தேடும் கல்திருப்பி உள்ளான், அதாவது டர்ன்ஸ்டோன், அச்சுறுத்தலை நெருங்கும் நிலைக்கு வந்துவிட்டது. கோடியக்கரையிலேயே கரைப்பறவைகள் 1980களில் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டன. கரண்டி போன்ற அலகுடைய ஸ்பூன்-பில்டு சாண்ட்பைப்பர், உலகிலேயே மிக அரிதாகிவிட்ட கரைப்பறவைகளில் ஒன்று, ஒருகாலத்தில் இங்கே பதிவாகியிருக்கிறது. ஆற்றிலிருந்து வரும் நன்னீர் குறைந்து சதுப்பின் உவர்ப்புக் கூடினால் புழுவும் பூச்சியும் மாறுகின்றன, அவற்றோடு பறவையும் மாறுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறியபோது காட்டின் மரங்கள் சாய்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். சேற்றில் நேரும் மாற்றம் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை, குறிப்பேடுகளில் மட்டுமே தெரியும்.

ஜனவரியில் வந்தவர்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் மறுபடி ஒருமுறை வாருங்கள். குளிர்காலத்தில் சாம்பலாகப் பார்த்த வளைமூக்கு உள்ளானின் மார்பும் வயிறும் செங்கல் நிறமாகியிருக்கும், சாம்பல் உப்புக்கொத்தியின் முகமும் மார்பும் கறுத்திருக்கும். கொழுத்த உடலோடு அவை மெதுவாக நடக்கும். மாலையில், வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு சிறு கூட்டம் திடீரென்று ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டு எழும்பி, வழக்கம்போல் தாழ வட்டமடித்து இறங்காமல் மேலே மேலே ஏறத் தொடங்கினால், எண்ணிக்கையையும் மணியையும் காற்றையும் எழுதி, அவை கண்ணிலிருந்து மறைந்த திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.